ஒரு மாநிலத்தைப் பிடிக்க 20 ஆயிரம் பேர்!

அமெரிக்காவில் கொள்கைக்காக நடந்த குடியேற்றம்

டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்பவரிடம், "எதற்காக ஐயா போகிறீர்கள்?" என்று ரெயில்வேயில் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கையில் இருக்கும் பெட்டியையும், கூட வந்தவர் முகத்தையும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வேலை தேடிப் போகிறவர், மாற்றல் உத்தரவோடு போகிறவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போகிறவர், வைத்தியத்துக்குப் போகிறவர். பெரும்பாலும் இந்த நாலு வகைக்குள் அடங்கிவிடும்.

"அந்த மாநிலத்துச் சட்டசபையில் எங்கள் கொள்கைக்கு ஓட்டு குறைகிறது. அதனால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போய்க் குடியேறப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், வரிசையில் நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஆனால் அமெரிக்காவில் சில ஆயிரம் பேர் அப்படித்தான் கிளம்பிப் போயிருக்கிறார்கள். கூலிக்காக அல்ல. பஞ்சத்துக்குப் பயந்தும் அல்ல. "எல்லோரும் ஒரே மாநிலத்தில் கூடினால் நம் கொள்கை ஜெயிக்கும்" என்று கணக்குப் போட்டு மூட்டை கட்டினார்கள். அந்தக் கணக்கு சரியாக வந்ததா? அங்கே முன்பே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வயிற்றுப்பாட்டுக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

யார் இவர்கள்?

இவர்களை அங்கே 'லிபர்டேரியன்'கள் என்று சொல்வார்கள். தனிமனித சுதந்திரவாதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். "திருட்டு, கொலை, மோசடி ஆகியவற்றிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றுவது மட்டுமே சர்க்காரின் வேலை. மற்ற விஷயங்களில் அது தலையிடக் கூடாது" என்பது இவர்கள் கொள்கை.

வரி குறைய வேண்டும். முடிந்தால் இல்லாமலே போக வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு கூடாது. கஞ்சா குடிப்பது அவனவன் பாடு. யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாலும் சர்க்காருக்கு என்ன? பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அல்லது வீட்டிலேயே படிக்க வைப்பது என்பது பெற்றோர் இஷ்டம். இப்படிப் போகும் அவர்கள் வாதம். பாதி விஷயத்தில் வலதுசாரி போலவும், பாதி விஷயத்தில் இடதுசாரி போலவும் தோன்றும்.

இவர்களுக்கு ஒரு கட்சியும் உண்டு. 1971-ல் ஆரம்பித்தது. ஜனாதிபதி தேர்தலில் அந்தக் கட்சி அதிகமாக ஓட்டு வாங்கியது 2016-ல். நாடு முழுவதும் சுமார் 45 லட்சம் ஓட்டு. ஆனால் அது 100-க்கு 3 சொச்சம்தான். 50 மாநிலங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

ஒரு பிடி உப்பை ஏரியில் போட்டால் யாருக்குத் தெரியும்? அதையே ஒரு சட்டி குழம்பில் போட்டால் வாயில் வைக்க முடியாது. இந்தச் சாதாரண உண்மையை வைத்து ஒரு திட்டம் தீட்டியவர் ஜேசன் சோரன்ஸ். 2001-ல் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வாலிபர். அந்த ஆண்டு அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "நாடு முழுவதும் சிதறிக் கிடந்தால் நாம் என்றைக்கும் தோற்றவர்கள்தான். ஜனத்தொகை குறைந்த ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுப்போம். 20 ஆயிரம் பேர் அங்கே போய்க் குடியேறுவோம்" என்பது அதன் சாரம். 'சுதந்திர மாநிலத் திட்டம்' என்று அதற்குப் பெயர்.

பத்தில் ஒன்று

திட்டத்தை ஒழுங்காகவே நடத்தினார்கள். முதலில் உறுதிமொழிப் பத்திரம். அதில் கையெழுத்துப் போடுபவர் 5 ஆயிரம் பேர் ஆனதும் எந்த மாநிலம் என்று ஓட்டெடுப்பு. 20 ஆயிரம் பேர் கையெழுத்திட்டதும் ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் குடிபெயர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

15 லட்சத்துக்குக் குறைவான ஜனத்தொகை உள்ள மாநிலங்களிலிருந்து பத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். அலாஸ்கா, டெலவேர், ஐடஹோ, மெய்ன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், வடக்கு டக்கோட்டா, தெற்கு டக்கோட்டா, வெர்மான்ட், வயோமிங் ஆகியவை அவை. 2003-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி முடிவு வெளியானது. நியூ ஹாம்ப்ஷயருக்கு முதல் இடம். வயோமிங் இரண்டாவது.

அப்போது நியூ ஹாம்ப்ஷயர் கவர்னராக இருந்த கிரெய்க் பென்சன், "வாருங்கள், வாருங்கள்" என்று வரவேற்கவே செய்தார். எல்லோரும் அப்படி வரவேற்கவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

ஏன் நியூ ஹாம்ப்ஷயர்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன மாநிலம் அது. பரப்பளவு சுமார் 24 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். 2020 கணக்கெடுப்புப்படி ஜனத்தொகை 13 லட்சத்து 77 ஆயிரம். மலையும் காடும் பனியும் நிறைந்த பூமி.

அந்த மாநிலத்தின் இலட்சிய வாசகமே, 'சுதந்திரமாக வாழ். அல்லது செத்து மடி' என்பதுதான். அமெரிக்க சுதந்திரப் போரில் ஈடுபட்ட தளபதி ஜான் ஸ்டார்க் 1809-ல் எழுதி அனுப்பிய வாசகம். இதைக் கார்களின் நம்பர் பலகையிலும் பொறித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜார்ஜ் மேனார்டு என்பவர், "உயிர் கடவுள் கொடுத்தது, மாநிலத்துக்காகச் சாகச் சொல்லும் வாசகத்தை நான் காரில் சுமக்க மாட்டேன்" என்று அதை மறைத்துவிட்டார். அபராதம் கட்டவும் மறுத்தார். 15 நாள் ஜெயிலில் போட்டார்கள்! சுதந்திரத்தைப் பற்றிய வாசகத்தை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்குச் சுதந்திரம் இல்லை. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1977-ல் மேனார்டு பக்கம் தீர்ப்பானது.

சம்பளத்துக்கு அங்கே மாநில வருமான வரி கிடையாது. பொதுவான விற்பனை வரியும் கிடையாது. பெரியவர்கள் கார் பெல்ட் போட்டாக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. மோட்டார் சைக்கிளில் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமும் இல்லை. சுதந்திரவாதிகளுக்கு நாக்கில் எச்சில் ஊற இது போதாதா?

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் சட்டசபை. அதன் கீழ்ச்சபையில் 400 உறுப்பினர்கள்! சுமார் 3,400 பேருக்கு ஒரு பிரதிநிதி. நம் மகாராஷ்டிரத்தில் 288 எம்.எல்.ஏ.க்கள். 2011 கணக்கெடுப்புப்படி பார்த்தால் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினால் ஒரு தொகுதியையே சில வாரங்களில் பார்த்து முடித்துவிடலாம். உறுப்பினருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். 1889-ல் நிர்ணயித்தது; இன்றும் அதேதான். ஆகவே தொழிலாகச் செய்யும் அரசியல்வாதிகளின் போட்டி குறைவு. ஆர்வமும் நேரமும் உள்ளவன் உள்ளே நுழைந்துவிடலாம்.

முன்பும் நடந்ததுண்டு

இப்படிக் கொள்கைக்காகக் கூட்டமாகக் குடியேறுவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1854-ல் கேன்சஸ் பிரதேசத்தில் அடிமை முறை வேண்டுமா, வேண்டாமா என்பதை அங்கே குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. உடனே வடக்கேயிருந்து அடிமை முறையை எதிர்ப்பவர்கள் சங்கம் அமைத்துக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பக்கத்து மிசவுரியிலிருந்து அடிமை முறை ஆதரவாளர்கள் தேர்தல் நாளில் எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். கலகம், கொலை, தீவைப்பு என்று ரத்தம் ஓடியது. கடைசியில் 1861-ல் கேன்சஸ், அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது.

இன்னொரு உதாரணத்தில் நம் நாட்டுத் தொடர்பு உண்டு. புனாவில் ஆசிரமம் நடத்திய ரஜனீஷின் சீடர்கள் 1981-ல் ஓரிகன் மாநிலத்தில் சுமார் 64 ஆயிரம் ஏக்கர் பண்ணையை வாங்கினார்கள். பக்கத்தில் ஆன்டிலோப் என்ற குக்கிராமம். அங்கே போய்க் குடியேறி ஊர் மன்றத்தையே ஓட்டுப் போட்டுப் பிடித்தார்கள். ஊர்ப் பெயரையும் ரஜனீஷ் என்று மாற்றினார்கள். 1984-ல் மாவட்ட நிர்வாகத்தையும் பிடிப்பதற்காக, பல நகரங்களிலிருந்து வீடில்லாத ஏழைகளைப் பஸ் பஸ்ஸாக ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதோடு நிற்கவில்லை. உள்ளூர் ஓட்டர்களைத் தேர்தல் நாளில் படுக்க வைப்பதற்கு ஒத்திகையாக ஓட்டல் சாலட்டில் கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். 1985-ல் ரஜனீஷ் அமெரிக்காவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஊருக்கும் பழைய பெயர் திரும்பியது.

நியூ ஹாம்ப்ஷயருக்குப் போனவர்களை இவர்களோடு சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது. அவர்கள் விஷம் கலக்கவில்லை. கள்ள ஓட்டுக்கு ஆள் ஏற்றி வரவும் இல்லை. சொந்தக் காசில் வீடு வாங்கினார்கள். முறைப்படி ஓட்டுரிமை பெற்றார்கள். ஆனாலும் "கூட்டமாக வந்து எங்கள் ஊரைப் பிடிக்கப் போகிறார்கள்" என்ற பயம் ஒரு ஊருக்கு வந்துவிட்டால், அது லேசில் போவதில்லை.

காகிதத்தில் 20 ஆயிரம்

கையெழுத்துச் சேர்ப்பதற்கே நீண்ட காலம் ஆனது. 2016 பிப்ரவரியில்தான் 20 ஆயிரம் எண்ணிக்கை பூர்த்தியானது. அதற்குள் உண்மையில் குடிபெயர்ந்து வந்தவர்கள் சுமார் 2 ஆயிரம் பேர்தான். ஐந்து ஆண்டுக் கெடு 2021-ல் முடிந்தது. பெரும்பாலோர் வரவில்லை.

இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். வேலையை விட வேண்டும். பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டும். வயதான தாய் தகப்பனை விட்டுப் பிரிய வேண்டும். ஆறு மாதம் பனி கொட்டும் ஊரில் புதிதாக அடுப்பு மூட்ட வேண்டும். ஊர் மாறிப் பிழைப்பவனுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். திட்டத்தைத் தீட்டிய சோரன்சே, உத்தியோகம் வேறு மாநிலத்தில் இருந்ததால் பல ஆண்டு கழித்துத்தான் நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறினார்!

ஆனால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முள்ளம்பன்றியைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். 'தானாக யாரையும் தாக்காது. சீண்டினால் முள் குத்தும்' என்று அர்த்தம். 2004 முதல் கோடைகாலத்தில் முள்ளம்பன்றித் திருவிழா என்று கூடாரம் அடித்துக் கூடுகிறார்கள்.

கீன் என்ற ஊரில் ஒரு கூத்து நடத்தினார்கள். அங்கே ரோட்டோரம் கார் நிறுத்தினால் மீட்டரில் காசு போட வேண்டும். நேரம் தாண்டினால் நகராட்சி ஊழியர் அபராதச் சீட்டு வைப்பார். இவர்கள் அந்த ஊழியருக்கு முன்னால் ஓடிப்போய், யார் யாருடைய காருக்கோ தங்கள் காசைப் போட்டு அபராதத்தைத் தடுத்தார்கள்! தொந்தரவு தாங்கவில்லை என்று நகராட்சி 2013-ல் வழக்குப் போட்டது. மாநில சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் நகராட்சி ஜெயிக்கவில்லை.

அதே 2013-ல் தலைநகர் கன்கார்டின் போலீசார், கவச வண்டி வாங்க மத்திய சர்க்காரிடம் பணம் கேட்டு மனுப் போட்டார்கள். ஆபத்து விளைவிக்கக் கூடியவர்கள் என்ற வரிசையில் இந்தச் சுதந்திரவாதிகளையும் சேர்த்திருந்தார்கள். பார்க்கிங் மீட்டரில் காசு போடுகிறவர்களை அடக்கக் கவச வண்டியா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது.

கிராஃப்டனும் கரடியும்

சுமார் 1,200 பேர் மட்டும் வாழ்ந்த கிராஃப்டன் என்ற காட்டுக் கிராமத்தை 2004-ல் ஒரு கோஷ்டி தேர்ந்தெடுத்தது. வீட்டுமனைக் கட்டுப்பாடு இல்லாத ஊர். ஆகவே கூடாரத்திலும் தகர வண்டியிலும் வாழலாம். 'சுதந்திர ஊர்' என்று அறிவித்தார்கள். உள்ளூர் ஜனங்கள் கூட்டம் போட்டுச் சத்தம் போட்டார்கள். "எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

ஊரின் செலவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. பிறகு கரடித் தொல்லை அதிகமாயிற்று. குப்பையைச் சரியாக மூடாதவர்களும் உண்டு. கரடிக்கு இனிப்புப் பண்டம் வைத்துப் பழக்கியவர்களும் உண்டு. 2012-ல் ஒரு பெண்மணியை அவர் வீட்டு வாசலிலேயே கரடி தாக்கியது. இந்தக் கதையை மேத்யூ ஹாங்கோல்ட்ஸ் ஹெட்லிங் என்ற பத்திரிகையாளர் 2020-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சுதந்திரவாதிகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து ஊர்களிலும் கரடி உண்டு என்கிறார்கள். கரடிக்கு அரசியல் கிடையாது என்பது உண்மை. ஆனால் குப்பைத் தொட்டியை மூடுவது ஒரு வீட்டுக்காரர் சுதந்திரம் மட்டுமா, பக்கத்து வீட்டுக்காரர் உயிர்ப் பிரச்சினையுமா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

சட்டசபைக்குள்ளே

2006-ல் இவர்களில் ஒருவர் முதன்முதலாகச் சட்டசபைக்குள் நுழைந்தார். அவர் நின்றது ஜனநாயகக் கட்சி டிக்கெட்டில்! பிற்காலத்தில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சி வழியாகவே உள்ளே போனார்கள். சொந்தக் கட்சி வைத்து நின்றால் தோற்போம், இருக்கும் கட்சிக்குள் புகுந்தால் ஜெயிப்போம் என்று தெரிந்துகொண்டார்கள். 2020 தேர்தலுக்குப் பிறகு, ஒஹையோவிலிருந்து குடிவந்த ஜேசன் ஆஸ்போர்ன் என்பவர் கீழ்ச்சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே ஆனார்.

2017-ல் லைசென்சு இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்தது. 2021-ல், மாநிலம் கொடுக்கும் கல்விப் பணத்தைத் தனியார் பள்ளிக்கோ, வீட்டுப் படிப்புக்கோ பெற்றோர் செலவிடலாம் என்ற திட்டம் வந்தது. வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இருந்த வரி 2025 முதல் ஒழிந்தது. இவை எல்லாம் இவர்களால் மட்டும் நடந்தவை அல்ல. ஆனால் இவர்கள் தள்ளிய தள்ளலும் அதில் உண்டு.

அளவு மீறியபோது அடியும் விழுந்தது. அமெரிக்காவை விட்டே நியூ ஹாம்ப்ஷயர் பிரிந்து தனி நாடாக வேண்டும் என்று ஒரு தீர்மானம் 2022 மார்ச்சில் வந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 323!

கிராய்டன் பாடம்

இந்தக் கதை முழுவதிலும் மனதில் நிற்பது, 800 பேர் வாழும் கிராய்டன் என்ற சிற்றூரில் நடந்ததுதான்.

அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவை, மார்ச் வாக்கில், ஓட்டுரிமை உள்ள எல்லோரும் ஒரு கூடத்தில் கூடுவார்கள். ரோட்டுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்பதை அங்கேயே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நம் கிராம சபை போல. ஆனால் பணத்தின் மேல் முழு அதிகாரம் உள்ள கிராம சபை.

வருமான வரியும் விற்பனை வரியும் இல்லாத மாநிலம் அல்லவா? பள்ளிச் செலவில் பெரும் பகுதி வீடு, நிலத்தின் மேல் போடும் வரியில்தான் வர வேண்டும். வரி இல்லை என்று சொல்லும் மாநிலத்தில் வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகமான வரிசையில் நிற்கிறது. ஆகவே, "வீட்டு வரி கட்ட முடியவில்லை" என்ற புலம்பல் பொய்யல்ல. பென்ஷன் வாங்கும் கிழவருக்கு அது நிஜமான சுமை. இந்தச் சுமையைத்தான் சுதந்திரவாதிகள் பிடித்துக்கொண்டார்கள்.

2022 மார்ச்சில் கிராய்டன் பள்ளிக் கூட்டம் நடந்தது. பனி கொட்டிய நாள். ஊரில் பதிவான ஓட்டர்கள் 565 பேர். வந்தவர்கள் நாற்பது பேர்கூடத் தேறவில்லை. 'வருஷா வருஷம் நடப்பதுதானே; பட்ஜெட் வழக்கம்போல நிறைவேறிவிடும்' என்று மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

பள்ளிக்கு 17 லட்சம் டாலர் என்பது பிரேரணை. இயான் அண்டர்வுட் எழுந்தார். சுதந்திர மாநிலத் திட்டத்தில் வந்து குடியேறியவர். ஊர் நிர்வாகக் குழு உறுப்பினர். அவர் மனைவி பள்ளிக் குழுவின் தலைவி. "17 லட்சம் வேண்டாம், 8 லட்சம் போதும். ஒரு பிள்ளைக்கு 10 ஆயிரம் டாலர் கணக்கு" என்று திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 20, எதிர்ப்பு 14. பள்ளியின் பணம் ஒரே கூட்டத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது!

ஊர் திகைத்துப் போனது. சிறு வகுப்புகள் மட்டுமே கிராய்டனில் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போவார்கள். அந்தக் கட்டணத்தை ஊர் கட்டும். இனி அது எப்படி நடக்கும்? மிச்சத்தைப் பெற்றோரே கையிலிருந்து போட வேண்டுமா? முடியாதவன் பிள்ளை என்ன செய்யும்?

யாரும் சட்டத்தை மீறவில்லை. மோசடி இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், வராதவர்கள் போடவில்லை. அவ்வளவுதான். கோபப்பட யாரைக் கை காட்டுவது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு வழி கிடைத்தது. மனுக்கொடுத்துச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஆனால் நிபந்தனை கடுமையானது. மொத்த ஓட்டர்களில் பாதிப்பேர், அதாவது 283 பேர், நேரில் வந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பழைய முடிவே நிற்கும். இங்கே எதிர்ப்பவர் வந்து கையைத் தூக்கக்கூட வேண்டாம். வீட்டில் இருந்தாலே எதிர்ப்பு ஓட்டுக்குச் சமம்.

வாரக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். போனில் கூப்பிட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக நின்றார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகிப் போய்விட்டவர்களும், பிள்ளையே இல்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மே மாதம் 7-ந்தேதி கூட்டம். வந்தவர்கள் 379 பேர்! பழைய பட்ஜெட்டை மீட்க ஆதரவாக 377 ஓட்டு. எதிர்ப்பு வெறும் 2.

அதே ஊர், அதே ஜனங்கள். மார்ச்சில் இருந்த கருத்துதான் மே மாதத்திலும் அவர்கள் மனதில் இருந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. மார்ச்சில் கருத்து வீட்டில் இருந்தது. மே மாதத்தில் கூடத்துக்கு வந்தது.

நமக்கு என்ன?

வெளியூரிலிருந்து வந்தவன் ஊரைப் பிடிக்கப் பார்க்கிறான் என்ற சத்தத்தைக் கேட்டால், மும்பைத் தமிழனுக்கு மனதில் ஒரு முள் குத்தும். 1966-ல் சிவசேனை தோன்றிய காலத்தில், தென்னாட்டவர் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று எழுந்த கோஷத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் இந்த ஊரைப் பிடிக்க வந்தவர்கள் அல்ல, பிழைக்க வந்தவர்கள். இந்திய அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும், குடியிருக்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தந்திருக்கிறது. ஆகவே "வந்தவனுக்கு உரிமை இல்லை" என்று நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்களோடு சேர்ந்து நாம் கோஷம் போட முடியாது. அங்கே போனவர்களுக்கும் போகும் உரிமை இருந்தது. பேசும் உரிமை இருந்தது. ஓட்டுப் போடும் உரிமையும் இருந்தது.

அவர்கள் செய்த தவறு வேறு. ஒரு ஊரைக் கொள்கைக்கான சோதனைச்சாலையாகப் பார்த்தார்கள். அங்கே ஏற்கனவே பிள்ளை படிக்கிறது, கிழவி நடமாடுகிறாள் என்பதைக் கணக்கில் பிறகுதான் சேர்த்தார்கள். குடியேறிய ஊரோடு ஒட்டி வாழ்ந்து, அதன் சுகதுக்கத்தில் பங்குகொண்டு, பிறகு கருத்தைச் சொல்பவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. பெட்டியை இறக்குமுன்பே சட்டம் பேசுபவனுக்கு அது கிடைக்காது.

ஊர்க்காரர்களும் ஒரு தவறு செய்தார்கள். அது நம்மிடமும் உண்டு. நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை நினைத்துப் பாருங்கள். ஐந்து மணி என்று நோட்டீசு. கோரம் சேராது. அரை மணி நேரம் ஒத்திவைத்து, "இனி கோரம் தேவையில்லை" என்று விதியைப் படித்து, இருக்கிற பதினைந்து பேரை வைத்துக் கணக்கு நிறைவேறும். தொழிற்சங்கக் கிளைக் கூட்டமும் அப்படித்தான். வீட்டுவசதிச் சங்கமும் அப்படித்தான். பிறகு ஆறு மாதம் டீக்கடையில் நின்று, "யாரைக் கேட்டு இப்படி முடிவு செய்தார்கள்?" என்போம். கேட்பதற்கு நாம் அங்கே இருந்தால் அல்லவா?

ஓட்டு விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஒருவர் பெயர் ஒரு இடத்து வாக்காளர் பட்டியலில்தான் இருக்கலாம். நம்மில் பலருக்கு ஊரில் பெயர் இருக்கும். தேர்தலன்று ரெயில் ஏற லீவு இருக்காது. இங்கே குடியிருந்தும் இங்கே ஓட்டு இருக்காது. சாக்கடை அடைப்பும், தண்ணீர்க் குழாயும், பிள்ளை படிக்கும் நகராட்சிப் பள்ளியும் இந்த ஊரில். ஓட்டோ ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால்! நிரந்தரமாக இங்கேயே வசிக்கிறவர் படிவம் 8 கொடுத்துப் பெயரை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊர்ப்பாசம் அதனால் குறைந்துவிடாது.

20 ஆயிரம் பேர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் சில ஆயிரம் பேர். அந்தச் சில ஆயிரத்தில் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தவர்கள் ஒரு மாநிலத்தின் சட்டத்தையே அசைத்தார்கள். அவர்களில் ஒருவர் கொண்டுவந்த வெட்டை, பனி கொட்டிய நாளில் 20 பேர் நிறைவேற்றினார்கள். பிறகு வீட்டை விட்டு வெளியே வந்த 377 பேர் அதைத் திருப்பி எழுதினார்கள். கொள்கை யாருடையதாகவும் இருக்கட்டும். கணக்கில் சேர்ந்தது வந்தவர்களின் தலை மட்டும்தான்.

அடுத்த பொதுக்குழு நோட்டீசு கையில் வந்தால் மடித்துப் பையில் போட்டுவிடாதீர்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கு ஐந்து மணிக்குப் போய் உட்காருங்கள்.